தொடுதலும் மின்துடிப்பும்

(மகாவீரர் ஜயந்தி விழாவையொட்டித் திருத்துறைப்பூண்டியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



திருத்துறைப்பூண்டி வட்டாரத்து வரப்புகளில் தொட்டாற்சிணுங்கியைத் தொட்டுப் பாராத பிள்ளை இல்லை. விரல் பட்டதும் சிற்றிலைகள் இணை இணையாகக் கூம்புகின்றன. சிறிது நேரத்தில் காம்பும் தாழ்கிறது. விரல் பட்ட இடம் ஒன்று. தாழும் கணு வேறொன்று. தொட்ட செய்தி அவ்வளவு தொலைவு சென்றது எவ்வாறு? இன்றைய உரைக்குப் பொருள் இவ்வினாவே.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஆறாக வகுத்து, ஊறு ஒன்றே அறிவனவாகிய புல்லையும் மரத்தையும் முதற்படியில் நிறுத்தினார். சமண நூல்கள் கூறும் ஏகேந்திரிய ஜீவன்களுக்கும் அந்த ஊற்றுணர்வு ஒன்றே உரியது. ஸ்தாவரம் என்னும் சொல் அந்நூல்களில் நிலம், நீர், தீ, காற்று, செடிகொடி ஆகிய ஐந்தையும் உடலாகக் கொண்ட உயிர்களைக் குறிக்கும். தமிழில் அது தாவரம் எனத் திரிந்து, செடிகொடிக்கு மட்டுமே உரிய பெயராகச் சுருங்கிவிட்டது. சொல் சுருங்கிய போதிலும், செடி ஊறு அறியும் என்னும் கருத்து மாறவில்லை. அக்கருத்தைக் கருவி கொண்டு ஆராயும் காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் வந்தது.

1873இல் சார்லஸ் டார்வின் வேண்டியதன் பேரில், பர்டன் சாண்டர்சன் என்னும் ஆங்கில உடலியலறிஞர், பூச்சியைப் பிடித்துண்ணும் வீனஸ் செடியின் இலையில் மின்னளவி பொருத்திப் பார்த்தார். இலை மூடும்போது மின்துடிப்பு ஒன்று எழுவதைக் கண்டார். ஆயினும், அசையாத பொதுவான செடிகளுக்கும் இஃது உண்டென்று அவர் ஒப்பவில்லை. 1901ஆம் ஆண்டு ஜூன் மாதம் இலண்டன் ராயல் கழகத்தில், எல்லாச் செடிகளிலும் மின்விளைவு உண்டென்று கல்கத்தாவிலிருந்து வந்த ஜகதீஸ் சந்திர போஸ் எடுத்துரைத்தபோது, அதனை மறுத்துப் பேசியவரும் இதே பர்டன் சாண்டர்சன்தான். போஸின் கட்டுரையை அக்கழகம் அப்போது அச்சிடவில்லை. அதே கழகம் 1920இல் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது.

போஸ் தேர்ந்த செடிகளுள் இரண்டு தமிழருக்குப் பழக்கமானவை. ஒன்று தொட்டாற்சிணுங்கி, மற்றொன்று, தானே சிற்றிலை அசைக்கும் தொழுகண்ணி. அவர் கருவிகளை இந்தியக் கைவினைஞர்களைக் கொண்டே செய்வித்தார். புகை படியவைத்த கண்ணாடித் தகட்டில் அதிரும் ஊசி புள்ளியிட்டுச் செல்லும். புள்ளிகளை எண்ணினால் காலம் தெரியும். முனை மட்டும் திறந்திருக்குமாறு கண்ணாடியால் போர்த்த பிளாட்டினக் கம்பியைக் காம்பினுள் மயிரிழை மயிரிழையாகச் செலுத்தி, செய்தி எந்தத் திசுவின் வழியே செல்கிறது என்றும் தேடினார். உணவைக் கொண்டுசெல்லும் திசுவின் வழியே என்பது அவர் கண்ட விடை. இத்தாலியரான ரிக்கா 1916இல் வேறொன்று சொன்னார்: வெட்டிய தண்டின் இரு பகுதிகளையும் நீர்க்குழாயால் இணைத்தாலும் செய்தி கடக்கிறது, ஆகவே கடத்துவது நீரில் கரைந்த ஒரு பொருளே. இரண்டிலும் உண்மை உண்டு என்பது பின்வந்த ஆய்வுகளால் தெளிந்தது.

இத்தகைய அளவீட்டுக்கு நீரில் வளர்த்த செடி மிகவும் ஏற்றது. மண்ணில்லாமல், உப்புச் சத்துகள் கரைந்த நீரில் பயிர் வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் முறையை 1946ஆம் ஆண்டளவில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் வங்காளத்துக் காலிம்போங் பகுதியில் எளிமைப்படுத்தி நடத்திக்காட்டினார். மண்ணில் ஈரமும் உப்பும் இடத்துக்கு இடம் மாறும். வேரைத் தொடவேண்டுமாயின் பிடுங்கவேண்டும். நீரில் அந்தத் தொல்லை இல்லை. வெள்ளிக் குளோரைடு பூசிய வெள்ளிக் கம்பி ஒன்றை வேர் நிற்கும் நீரில் இட்டு, மற்றொன்றை ஈரப்பசை தடவி இலைக்காம்பில் ஒட்டினால், இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாடு தெரியும். அது பெரும்பாலும் சில பத்து மில்லிவோல்ட் அளவே. கைவிளக்கின் ஒரு பாட்டரியோ 1,500 மில்லிவோல்ட். நீரை இறைக்கும் சிறு மோட்டாரும் வீட்டு மின்கம்பியும் விநாடிக்கு 50 முறை அலையும் இரைச்சலை ஊட்டிச் செடியின் குரலை மூழ்கடித்துவிடும். ஆகவே கம்பிவலைக் கூண்டுக்குள் செடியை வைத்து, மோட்டாரை நிறுத்திவிட்டே அளப்பர்.

அவ்வாறு அளந்து கண்டது என்ன? தொட்டதும் உயிரணுவுக்குள் கால்சியம் புகுகிறது. குளோரைடும் பின்னர்ப் பொட்டாசியமும் வெளியேறுகின்றன. அந்த மின்மாற்றம் அடுத்த அணுவுக்குத் தாவுகிறது. 1992இல் தக்காளிச் செடியின் ஓர் இலையைப் புண்படுத்தியபோது, மின்துடிப்பு மற்ற இலைகளை எட்டியது. பூச்சியின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதம் அங்கே உருவாகத் தொடங்கியது. 2018இல் தொயோட்டாவும் கில்ராயும் அவர்தம் குழுவினரும் கடுகுக் குடும்பத்துச் சிறுசெடி ஒன்றில், புழு கடித்த இடத்திலிருந்து கால்சியம் அலை பரவுவதை ஒளிவடிவில் கண்டனர். அதனைத் தூண்டியது குளுட்டமேட். மனித மூளையிலும் செய்தி கடத்தும் பொருள் அது.

இங்கேதான் அவையோர் விழிப்போடு இருத்தல் வேண்டும். 1966இல் பேக்ஸ்டர் என்னும் அமெரிக்கர், பொய்யறியும் கருவியைச் செடியில் பொருத்தி, இலையை எரிக்க எண்ணிய அளவிலேயே செடி அஞ்சியது என்றார். ஒழுங்குபடப் பிறர் செய்து பார்த்தபோது அது மெய்ப்படவில்லை. ஆயினும் விழா மேடைகளில் அக்கதை இன்றும் உலவுகிறது. ஆகமம் சொன்னதை அறிவியல் மெய்ப்பித்தது என்ற முழக்கமும் உடன் எழுகிறது. கருவி காட்டுவது மின்துடிப்பை, வலியை அன்று. செடிக்கு நரம்பும் இல்லை, மூளையும் இல்லை. போஸே செடிக்கு நரம்புண்டு என்று சொல்லித் தம் அளவீட்டைக் கடந்து போனதுண்டு. ஆகமத்தைக் காக்க அத்தகைய மிகைச்சான்று வேண்டுவதில்லை.

இன்னொரு வினா வீடுதோறும் எழுகிறது. செடிக்கும் உயிருண்டேல் கீரை உண்பதும் ஊன் உண்பதும் ஒன்றுதானே என்று கல்லூரிக்குச் செல்லும் பேரப்பிள்ளைகள் கேட்கின்றனர். ஒன்றன்று. அறிவின் எண்ணிக்கையால் உயிர்களைப் படிப்படியாக வகுத்ததன் பயனே, தவிர்க்க இயலாத ஊறு எது, தவிர்க்கக்கூடிய கொடுமை எது என்று பிரித்தறிவதுதான். நோன்பு நாளில் கிழங்கை விலக்கும் பாட்டி, செடி அழுகிறது என்பதற்காக விலக்கவில்லை. பிடுங்கினால் முழுச்செடியும் மாயும் என்றும், மண்ணில் வாழும் சிற்றுயிர்கள் மடியும் என்றும் அறிந்து விலக்குகிறார்.

மாணவச் செல்வங்கள் கருவியின்றியே செய்து பார்க்கத்தக்கது ஒன்றுண்டு. தொட்டாற்சிணுங்கியின் நுனிச் சிற்றிலையை மெல்லத் தொட்டு, கூம்பல் காம்பின் அடிவரை செல்லும் நேரத்தைக் கடிகாரத்திலும் தொலைவை அளவுகோலிலும் குறித்துக்கொள்க. விநாடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் என்ற அளவில் விடை வரக்கூடும். இலை மீண்டும் விரியக் கால்மணி நேரமாவது ஆகும். அதற்குள் மறுபடி தொடவேண்டா.