எந்த எண்களுக்குள்ளே?

கல்லூரி முதலாண்டில் இயற்கணிதத்தை எங்கிருந்து தொடங்குவது என்று பேசப் பொத்தேரியில் கூடியிருக்கிறோம். தலைமை ஏற்க அழைத்தவர்களுக்கு என் நன்றி. கணக்கு வாத்தியார்களுக்கு நேரக் கணக்கு மட்டும் வராது என்ற பெயர் நமக்கு வேண்டாம். நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

ஓர் எண்ணிலிருந்து 2-ஐக் கழிக்கிறோம். அதே எண்ணிலிருந்து 3-ஐயும் கழிக்கிறோம். கிடைத்த இரண்டையும் பெருக்கினால் பூச்சியம். அந்த எண் எது? பிளஸ் டூ முடித்த எவரும் 2 அல்லது 3 என்று யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். இதே கேள்வியை நம் அறுபது வருடச் சுழற்சிக்குள் கேட்டுப் பாருங்கள். பிரபவ முதல் அட்சய வரை எண்ணி முடித்தால் மறுபடி பிரபவ; அங்கே 60 என்பதே பூச்சியம். 18-ஐ எடுத்துக்கொள்வோம். 16-ஐ 15-ஆல் பெருக்கினால் 240. அது 60-இன் மடங்கு, ஆகவே பூச்சியம். 23-உம் அப்படித்தான்: 21-ஐ 20-ஆல் பெருக்க 420. பொறுமையாகத் தேடினால் 2, 3, 18, 23, 27, 38, 42, 47 என்று எட்டு விடைகள். ஓர் இருபடிச் சமன்பாட்டுக்கு எட்டு மூலங்கள்!

பெருக்கற்பலன் பூச்சியமானால் காரணிகளில் ஒன்றாவது பூச்சியம் என்று பள்ளியில் பழகிவிட்டோம். மெய்யெண்களில் அது உண்மை. 60-க்குள் 16-உம் பூச்சியமில்லை, 15-உம் பூச்சியமில்லை; பெருக்கினால் மட்டும் பூச்சியம். 60-ஐ விட்டுவிட்டு 61 என்ற பகா எண்ணை வைத்தால் மறுபடி இரண்டே விடைகள்தான். வளையம், களம் என்ற வரையறைகளின் தேவை ஒரு மாணவருக்கு இந்த இடத்தில்தான் உறைக்கும் என்பது என் எண்ணம்.

நாம் என்ன செய்கிறோம்? முதல் நாளே அடைவு, சேர்ப்பு, சமனி, நேர்மாறு என்று குலத்தின் விதிகளைக் கரும்பலகையில் எழுதிப்போடுகிறோம். அவற்றில் பாதி பன்னிரண்டாம் வகுப்பிலேயே வந்தவை. பொறியியல் பக்கம் நிலைமை இன்னும் மோசம். முதல் பருவத்திலேயே ஐகன் மதிப்புகளைக் கண்டுபிடிக்கிறார்கள், கேய்லி–ஹாமில்டன் தேற்றத்தைச் சரிபார்க்கிறார்கள், மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். தளத்தை 90 பாகை சுழற்றும் அணிக்கு மெய்யெண்களுக்குள் ஐகன் மதிப்பே கிடையாது, கலப்பெண்களுக்குள் இரண்டு உண்டு என்றால் திகைக்கிறார்கள். எந்த எண்களுக்குள் நின்று கேட்கிறீர்கள் என்று அவர்களிடம் யாரும் கேட்டதில்லை.

இதெல்லாம் மேற்படிப்புக்காரர்களின் சமாச்சாரம் என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்குப் பொத்தேரி வழியாகச் செல்லும் இதே ரயில் தடத்திலிருந்து பதில் சொல்கிறேன். கணிதவியலாளர் சி.எஸ். சேஷாத்ரி 1932-இல் காஞ்சிபுரத்தில் பிறந்து செங்கல்பட்டில் வளர்ந்தவர். 1948-இல் லயோலா கல்லூரியில் சேர்ந்தார். பிரான்சிலிருந்து வந்த அருட்தந்தை சார்லஸ் ரசின் அங்கே ஆசிரியர். பாரிஸில் எலி கார்த்தானிடம் பயின்றவர். ஐரோப்பாவில் உருவாகிக்கொண்டிருந்த புதிய கணிதத்தைச் சென்னை மாணவர்களின் காதில் போட்டவர் அவர்.

சேஷாத்ரி பின்னாளில் கையிலெடுத்த ஒரு கேள்வியை 1955-இல் கணிதவியலாளர் ழான்-பியர் செர் எழுப்பினார். அதன் வித்தை முதலாண்டு வகுப்பிலேயே ஊன்றிவிடலாம். ஒரு 2×2 அணியின் முதல் நிரை 6, 10. இரண்டாம் நிரையில் முழுக்களை இட்டு அணிக்கோவையை 1 ஆக்க முடியுமா? முடியாது, எதைப் போட்டாலும் இரட்டைப்படையாகத்தான் வரும். விகிதமுறு எண்களை அனுமதித்தால் நொடியில் முடியும்: 0, 1/6 என்று எழுதினால் போதும். இனி ஒரு 3×3 அணியின் முதல் நிரை 6, 10, 15 என்றிருக்கட்டும். மூன்றுக்கும் பொதுவான காரணி 1 மட்டுமே. அடுத்த நிரைகளில் 0, 1, 1 என்றும் 1, 0, 1 என்றும் எழுதுங்கள். அணிக்கோவை சரியாக 1.

இப்போது எண்களை எடுத்துவிட்டுப் பல்லுறுப்புக்கோவைகளை வையுங்கள். பல்லுறுப்புக்கோவைகளாலேயே பெருக்கிக் கூட்டி 1-ஐப் பெறக்கூடிய ஒரு நிரையை, அணிக்கோவை 1 வருமாறு எப்போதும் முழு அணியாக்கிவிட முடியுமா? எளிமைப்படுத்திச் சொன்னால் செர் கேட்டது இதுதான். இரண்டு மாறிகளுக்கு முடியும் என்று சேஷாத்ரி 1958-இல் நிறுவினார். அவருக்கு அப்போது வயது 26. எத்தனை மாறிகளானாலும் முடியும் என்று குவில்லனும் சஸ்லினும் தனித்தனியே 1976-இல் காட்டினார்கள். 1989-இல் சென்னையில் சேஷாத்ரி தொடங்கிய கணிதப் பள்ளிதான் இன்று சென்னைக் கணிதக் கழகமாகச் சிறுசேரியில் இயங்குகிறது. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையைப் பிடித்தால் இங்கிருந்து அதிக தொலைவில்லை.

இன்றைய அமர்வுகளில் பாடத்திட்டம் போதவில்லை என்ற புலம்பல் கட்டாயம் வரும். அலகுகளைக் கூட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. முதல் இரண்டு வாரம் வரையறை எதையும் எழுதாமல், ஒரே சமன்பாட்டை முழுக்களில், விகிதமுறு எண்களில், 60-க்குள், 61-க்குள் தீர்க்கவிட்டால் என்ன நடக்கும் என்று விவாதியுங்கள். தேர்வில் அதற்கு எப்படி மதிப்பெண் போடுவது என்பதையும் சேர்த்தே பேசுங்கள்; அங்கேதான் நம் நல்ல யோசனைகள் பெரும்பாலும் படுத்துவிடுகின்றன. முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.