வெறிநாய்க்கடியும் வைரஸின் வழியும்



ஆண்டு விழாவிலே இசையும் நாடகமும் இலக்கியச் சொற்பொழிவும் இடம்பெறுதல் நம் சங்கத்தின் மரபு. அவற்றின் நடுவே நோயைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஊரையும் உறவையும் விட்டு வந்து தொழில் செய்து வாழும் நமக்கு, இடர் நேர்ந்தபோது ஓடிவந்து வழி சொல்லப் பாட்டியோ பெரியப்பாவோ அருகில் இல்லை. அடுத்த வீட்டாரும் சங்கத்தாருமே நமக்கு உற்றார். ஆகவே உயிர் காக்கும் செய்தி ஒன்றை இம்மேடையிலே பகிர்ந்துகொள்வதும் சங்கப் பணியே எனக் கருதுகிறோம்.

2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப் பின் வைரஸ் என்னும் சொல்லை அறியாத வீடு இல்லை. ஆயினும் அது மனித உடலுக்குள் புகுந்து செய்வது யாது என்று வினவினால் விடை பகர்வோர் சிலரே. பொதுப்படக் கூறிச் செல்வதைவிட, ஒரு வைரஸை எடுத்துக்கொண்டு அது செல்லும் வழியெல்லாம் அதன் பின்னே சென்று பார்த்தல் நன்று. ரேபிஸ் என மருத்துவர் குறிக்கும் வெறிநாய்க்கடி நோயின் வைரஸை இங்கே எடுத்துக்கொள்கிறோம். இந்நோயால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அத்தொகையில் நம் நாட்டின் பங்கு பெரிது. கடிபட்டோருள் பத்தில் நால்வர் 15 வயது நிரம்பாத சிறுவர் என்பதை எண்ணும்போது, நம் குடியிருப்பின் விளையாட்டுத் திடல் நினைவுக்கு வருகிறதன்றோ?

முதலில் வைரஸின் இயல்பை அறிவோம். அது உண்பதில்லை, மூச்சு விடுவதில்லை, தானாக வளர்வதுமில்லை. வெளியே கிடக்கும்போது உயிரற்ற துகளையே ஒக்கும். தன்னைப் போன்ற மற்றொன்றை ஆக்குவதற்கான குறிப்பு மட்டும் அதனிடம் உண்டு. ஆக்குவதற்கு வேண்டிய பட்டறை இல்லை. அப்பட்டறை நம் உடலின் உயிரணுக்களிலே இருக்கிறது. ஆதலால் உயிரணுவுக்குள் புகுந்தாலன்றி வைரஸுக்கு வாழ்வில்லை.

ரேபிஸ் வைரஸ் துப்பாக்கிக் குண்டின் வடிவினது. ஒரு முனை உருண்டும் மறுமுனை தட்டையாயும் இருக்கும். ஒன்றன்பின் ஒன்றாக 5,000 வைரஸ்களை நிறுத்தினாலும் ஒரு மில்லிமீட்டர் நீளம் நிரம்பாது. அதன் குறிப்பேட்டில் ஐந்தே புரதங்களுக்கான செய்தி உண்டு. அந்த ஐந்தைக் கொண்டே யானை போன்ற மனிதனையும் வீழ்த்திவிடுகிறது. அதன்மேல் கொழுப்பாலாகிய மெல்லிய உறை ஒன்று போர்த்தியிருக்கிறது. அவ்வுறையின்மீது முட்களைப் போலப் புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கொழுப்புறை என்னும் இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். அதன் பயன் பின்னர் விளங்கும்.

நோயுற்ற நாயின் எச்சிலிலே இவ்வைரஸ் நிறைந்திருக்கிறது. பல் பதிந்த இடத்தில் அது தசைக்குள் இறங்குகிறது. நரம்பு வந்து தசையைத் தொடும் இடத்தில், நரம்பின் கட்டளையைப் பெறுவதற்கென்று சில வாயில்கள் உண்டு. வைரஸின் முட்கள் பூட்டுக்கேற்ற சாவியைப் போல அவ்விடத்து வாயில்களிலே பொருந்துகின்றன. வந்திருப்பது பகை என்று அறியாத உயிரணு, உரியதொரு பொருளை உள்வாங்குவது போலவே அதனைச் சிறு பையிலிட்டு உள்ளே இழுத்துக்கொள்கிறது. எந்த வைரஸ் எந்த நோயைத் தரும் என்பதை இப்பொருத்தமே பெரிதும் உறுதி செய்கிறது. இன்புளூயன்சா வைரஸின் முள் மூச்சுக்குழாயின் உயிரணுக்களிலே பொருந்துவதால் இருமல் உண்டாகிறது. மஞ்சட்காமாலை வைரஸ்கள் கல்லீரலை நாடுகின்றன. ரேபிஸ் நரம்பை நாடுகிறது.

நரம்பிலே புகுந்த பின் அது செய்யும் பயணம் வியப்பிற்குரியது. நம் நரம்பிழைகளுக்குள்ளே தண்டவாளம் போன்ற நுண்குழல்கள் ஓடுகின்றன. நரம்பு முனையில் சேர்ந்த பொருள்களை உயிரணுவின் தலைமையிடத்துக்கு ஏற்றிச் செல்லும் சுமைவண்டிகள் அவற்றின்மீது இயங்குகின்றன. ரேபிஸ் வைரஸ் சீட்டில்லாப் பயணியாக அவ்வண்டியிலே ஏறிவிடுகிறது. நாளொன்றுக்குச் சில சென்டிமீட்டர் தொலைவு வரை இவ்வாறு செல்லவல்லது. நரம்புக்குள் மறைந்து செல்லுதலால் குருதியிலே காவல் புரியும் நோயெதிர்ப்பு ஆற்றல் அதனை எளிதில் காண்பதில்லை. காய்ச்சலும் இல்லை, வீக்கமும் இல்லை. கடிவாய் ஆறிவிடும், பிள்ளை பள்ளிக்குச் செல்வான், பெற்றோர் மறந்துவிடுவர். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் இவ்வாறு கழியும். சிலருக்கு ஒரு வாரத்திலும், சிலருக்கு ஓராண்டு சென்றும் நோய் தலைகாட்டுவதுண்டு. முகத்திலும் தலையிலும் கடிபட்டால் மூளைக்கு வழி குறுகுவதால் ஆபத்து மிகுதி.

முதுகுத்தண்டைக் கடந்து மூளையை அடைந்ததும் வைரஸ் பல்கிப் பெருகுகிறது. உயிரணுவின் பட்டறை தன் வேலையை விடுத்து வைரஸின் குறிப்பின்படி அதன் உறுப்புகளைச் செய்யத் தொடங்குகிறது. 1903ஆம் ஆண்டிலே நெக்ரி என்னும் இத்தாலிய அறிஞர் மூளை உயிரணுக்களிலே கண்ட சிறு திட்டுகள் இவ்வேலை நடக்கும் இடங்களே. இளம்பிள்ளைவாதத்தின் வைரஸ் நரம்பணுவைக் கொன்றுவிடும். ரேபிஸோ பெரும்பாலும் அணுவைக் கொல்லாமலே அதன் செயலைக் குலைத்துவிடுகிறது. வீடு இடியவில்லை, வீட்டினுள் வாழ்வோரின் அறிவு திரிந்துவிட்டது எனலாம்.

பின்னர் அது மூளையிலிருந்து நரம்புகளின் வழியே வெளிநோக்கிப் பயணமாகி, எச்சில் சுரப்பிகளை அடைகிறது. அதே வேளையில் விழுங்க முயலும்போது தொண்டைத் தசைகள் வலித்து இழுக்கின்றன. நீரைக் கண்டாலே நோயாளி நடுங்குகிறான். எச்சிலை விழுங்க இயலாமையால் அது வாயிலே தேங்குகிறது. விலங்குக்கோ கடிக்கும் வெறியும் கூடுகிறது. கிருமி அடுத்த உடலுக்குப் பாய்வதற்கு வேண்டியவை அனைத்தும் இவ்வாறு ஒருங்கே அமைந்துவிடுகின்றன. இக்குறிகள் தோன்றிய பின் பிழைத்தவர் உலகிலே விரல்விட்டு எண்ணத்தக்கவரே. இதற்கு மருந்தில்லை.

அன்பர்களே, அச்சுறுத்துவதற்காக இதனைக் கூறவில்லை. கடித்த நாளுக்கும் மூளையைக் கிருமி அடையும் நாளுக்கும் இடையே உள்ள காலமே நமக்குக் கிடைத்த பேறு. அக்காலத்தைத் தவறவிடாதவர்க்கு இந்நோய் பெரும்பாலும் வருவதேயில்லை. செய்ய வேண்டியவை மூன்று.

ஒன்று, கழுவுதல். கொழுப்புறையை நினைவில் வைக்கச் சொன்னோமன்றோ? எண்ணெய்ப் பாத்திரத்தின் பிசுக்கைச் சோப்பு கரைப்பது போலவே வைரஸின் உறையையும் கரைக்கிறது. உறை கரைந்தால் முள்ளும் இல்லை, நுழைவும் இல்லை. ஆகவே கடிபட்ட உடனே குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்ப்பொடி, மஞ்சள், சுண்ணாம்பு, காப்பிப்பொடி இவற்றை அப்புதல் கூடாது. அவை புண்ணை எரிச்சலூட்டிக் கிருமியை உள்ளே தள்ளவும் கூடும்.

இரண்டு, தடுப்பூசி. 1885 ஜூலை 6ஆம் நாள் பாஸ்டர் என்னும் பிரெஞ்சு மேதை, ஜோசப் மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இதனை அளித்துக் காத்தார். வைரஸைக் கண்ணால் கண்டவர் அன்று எவரும் இல்லை. அவர் பெயரால் நம் குன்னூரிலே 1907ஆம் ஆண்டில் தோன்றிய நிலையத்தை நம்முள் பலர் உதகைக்குச் செல்லும் வழியில் கண்டிருப்பர். ஆட்டு மூளையிலிருந்து செய்து வயிற்றிலே தொடர்ச்சியாகப் போட்ட பழைய ஊசியை 2004ஆம் ஆண்டின் இறுதியோடு நம் நாடு கைவிட்டது. இன்றைய ஊசி தூயது. தோளிலே நான்கைந்து முறை போடுவதோடு முடிகிறது. தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், அதற்குப் பின் 3, 7, 28ஆம் நாட்கள். தசையில் போட்டால் 14ஆம் நாளும் ஒன்று. வயிற்று ஊசிக்கு அஞ்சிப் பிள்ளையை மறைத்து வைத்த காலம் போய்விட்டது.

மூன்று, எதிர்ப்புப் புரத ஊசி. தடுப்பூசியால் நம் உடல் போதிய எதிர்ப்புப் பொருளை ஆக்கிக்கொள்ள ஒரு வாரத்துக்கு மேலாகலாம். குருதி கசியும் காயமாயின் அதுவரை காத்திருத்தல் தகாது. ஆக்கி வைத்த எதிர்ப்புப் பொருளையே காயத்தின் உள்ளும் சுற்றிலும் மருத்துவர் செலுத்துவார். இதனைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

நம் போன்று வெளியூரில் வாழ்வோருக்கு இரண்டு சொல் தனியே கூற விழைகிறோம். ஊசி போடத் தொடங்கிய பின் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படுவோர், மருத்துவமனை தந்த அட்டையை மறவாது எடுத்துச் செல்க. எஞ்சிய ஊசியை அங்குள்ள அரசு மருத்துவமனையிலே குறித்த நாளில் போட்டுக்கொள்ளலாம். புண் ஆறியதென்று விட்டுவிடுதல் தகாது. அடுத்து, இவ்வூர் மொழி சரளமாக வாராத தாய்மார்கள் தனியே மருத்துவமனை செல்லத் தயங்கி, கணவர் ஷிப்டு முடிந்து வரட்டும் என்று காத்திருப்பதுண்டு. அத்தகைய வேளையில் உடன் செல்வது அடுத்த வீட்டாரின் கடமை.

பிள்ளைகளிடத்தும் ஒரு சொல். நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ வீட்டிலே உடனே சொல்லிவிட வேண்டும். பெற்றோரே, சொல்லும் பிள்ளையை அடிக்காதீர்கள். தெருவில் ஏன் போனாய் என்று ஒருமுறை அடிபட்ட சிறுவன் மறுமுறை சொல்லமாட்டான். அந்த மௌனமே இந்நோய்க்குப் பெருந்துணை.

நாய்களைக் கொல்வதால் நோய் ஒழிவதில்லை. ஓரிடத்து நாய்களுள் பத்தில் ஏழுக்குத் தடுப்பூசி போட்டால் நோயின் சங்கிலி அறுபடும் என்பது அறிஞர் கண்ட முடிபு. 2030ஆம் ஆண்டுக்குள் நாயினால் பரவும் ரேபிஸை ஒழிக்கும் திட்டத்தை நம் நாடு 2021ஆம் ஆண்டில் வகுத்தது. நம் குடியிருப்பின் நாய்களுக்கு ஆண்டுதோறும் ஊசி போடச் செய்யும் பொறுப்பைச் சங்கம் ஏற்குமாயின், அடுத்த ஆண்டு விழாவிலே வாசிக்கும் அறிக்கையில் அதுவும் ஒரு வரியாக இடம்பெறும். அவ்வரியை எழுதும் நல்வாய்ப்பை நாம் அனைவரும் சேர்ந்து உண்டாக்குவோமாக.