காது மெஷின் வாங்கும் முன்...

(மூத்த குடிமக்களுக்கான கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்கள் வீட்டு டிவி சத்தம் தெருமுனை வரை கேட்கிறதா? போனில் எதைச் சொன்னாலும் அப்பா "சரி, சரி" என்று மட்டும் சொல்கிறாரா? "பாக்கு வாங்கணும்"னு சொன்னா, "பாட்டு எதுக்கு இப்ப?"ன்னு அம்மா கேட்கிறாங்களா? நாம் சிரித்துவிடுகிறோம். அவர்கள் சிரிப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சையே குறைத்துக்கொள்கிறார்கள்.

என் அப்பா முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர். நான் செவித்திறன் பரிசோதிக்கும் இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு, போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து அவருக்கு ஒரு காது மெஷின் வாங்கிக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனார். தவிலில் முதல் அடி விழுந்ததுமே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டார். மெஷின் பீரோவுக்குப் போனது. அவரும் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார். தப்பு அப்பாவுடையது இல்லை. பரிசோதிக்காமல் வாங்கிய என்னுடையது.

அந்த மெஷின் ஏன் உதவவில்லை? வயதானாலும் சரி, பல வருஷம் இரைச்சலில் வேலை செய்தாலும் சரி, உள்காதில் இருக்கும் நுண்ணிய செல்கள் சேதமாகின்றன. அவை திரும்ப வளர்வதில்லை. பெரும்பாலும் முதலில் குறைவது உயர்ந்த சுருதி ஒலிகள்தான். ச, த, க போன்ற எழுத்துகளின் ஓசையும், குழந்தைகளின் மெல்லிய குரலும் அதனால் தெளிவில்லாமல் போகும். "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல" என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

மலிவான ஆம்ப்ளிஃபையர் பெரும்பாலும் எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி கூட்டும். பேச்சோடு மின்விசிறி, பாத்திரம், ஹாரன் எல்லாமே பெரிதாகும். காதொலிக் கருவி அப்படியில்லை. எந்தச் சுருதி எவ்வளவு குறைந்திருக்கிறதோ, அதற்குத் தக்கபடி சரிசெய்து தரப்படுவது. லேசான குறைபாட்டுக்கு, அதுவும் அமைதியான அறையில் பேச, டிவி பார்க்க, நல்ல ஆம்ப்ளிஃபையர் கைகொடுக்கும். அதற்கு மேல் குறைந்திருந்தால் காதொலிக் கருவிதான் சரி.

அதனால் முதல் வேலை பரிசோதனை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட 'ஹியர் டபிள்யூ.ஹெச்.ஓ.' என்ற இலவசச் செயலி இருக்கிறது. ஹெட்செட் மாட்டிக்கொண்டு, இரைச்சலுக்கு நடுவே சொல்லும் எண்களைக் கேட்டு அழுத்த வேண்டும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். இது முன்னோட்டம்தான். மதிப்பெண் குறைவாக வந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். சிலருக்குக் காதில் அடைத்திருக்கும் குறும்பியை எடுத்தாலே போதும், காசு மிச்சம்! இல்லையென்றால் 'ஆடியோகிராம்' எடுப்பார்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள், போனிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. திடீரென்று காது கேட்காமல் போனால், ஒரு காது மட்டும் மந்தமானால், சீழ் வடிந்தால், தலை சுற்றினால் மெஷின் தேடாதீர்கள். உடனே மருத்துவரிடம் போங்கள். திடீர் இழப்பில் ஒவ்வொரு நாளும் முக்கியம். எண்ணெய் காய்ச்சி ஊற்றும் வைத்தியம் வேண்டாம்.

ஆம்ப்ளிஃபையர் வாங்கும் முன் காசில்லாமல் முயன்று பார்க்கவும் வழி உண்டு. ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் 'சவுண்ட் ஆம்ப்ளிஃபையர்' செயலியைப் போட்டு, வயர் ஹெட்செட் மாட்டி, போனைப் பேசுபவர் பக்கம் வையுங்கள். 'லைவ் டிரான்ஸ்கிரைப்' செயலி எதிரே பேசுவதைத் தமிழிலேயே எழுத்தாகக் காட்டும். மருத்துவர் மாத்திரை அளவு சொல்லும்போது இது பெரிய உதவி.

வாங்கும்போது இவற்றைக் கேளுங்கள்:

- இரண்டு காதுக்கும் தனித்தனியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடியுமா?
- திடீரென வரும் பெரிய சத்தத்தை அடக்கும் வசதி உண்டா? இல்லாவிட்டால் மிச்சமிருக்கும் செவித்திறனும் கெடும்.
- காதில் வைக்கும் ரப்பர் முனை பல அளவுகளில் வருகிறதா? பொருந்தாவிட்டால் 'கீ'யென்று கத்தும்.
- நடுங்கும் விரலாலும் பொத்தானை அழுத்த முடியுமா? சார்ஜ் செய்வதா, பட்டன் பேட்டரியா? பட்டன் பேட்டரி என்றால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.
- பிடிக்காவிட்டால் திருப்பி எடுப்பார்களா? வாரண்டி எத்தனை மாதம்?

"நரம்பைக் குணமாக்கும்", "நூறு சதவீதம் கேட்கும்" என்ற விளம்பரத்தைப் பார்த்தால் அப்படியே கடந்து போய்விடுங்கள்.

பணம்தான் தடை என்றால், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை உள்ளவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் காதொலிக் கருவிக்கு விண்ணப்பிக்கலாம். மத்திய அரசு 2017-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில், 60 வயது கடந்த, வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள அல்லது மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மிகாத முதியோருக்கு முகாம்கள் மூலம் கருவிகள் தரப்படுகின்றன. அவற்றில் காதொலிக் கருவியும் உண்டு. முதியோர் உதவி எண் 14567-ஐ அழைத்து விவரம் கேளுங்கள், கட்டணம் இல்லை.

வாங்கியதும் கல்யாண மண்டபத்துக்கு அனுப்பாதீர்கள், நான் செய்த மாதிரி. முதலில் வீட்டுக்குள், தினமும் ஓரிரு மணி நேரம். மறந்துபோன ஒலிகளுக்கு மூளை பழகச் சில வாரங்கள் ஆகும். நீங்களும் முகம் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள். கத்த வேண்டாம்.

அப்பா இப்போது அளவெடுத்துச் சரிசெய்த கருவி போட்டிருக்கிறார். தவில் சத்தம் இன்னும் அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் பந்தியில் பக்கத்து இலைக்காரரோடு பேசிக்கொண்டே சாப்பிடுகிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த எண் சோதனையைச் செய்து பாருங்கள். மெஷினைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.