அப்பா தூங்குறாரு: கம்ப்யூட்டர் சத்தத்தைக் குறைக்கிறது எப்படி?

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் டெக்னிக்கல். ஆனா ஆரம்பிக்கிறது எங்க வீட்டு ஹால்ல இருந்து.

நான் இருக்கிறது சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரங்க கோட்டையில இருந்து ரெண்டு தெரு தள்ளி எங்க வீடு. ஒரு ஹால், ஒரு ரூம். அப்பா ராத்திரி வேன் ஓட்டுறாரு, நைட் ஷிஃப்ட் ஆளுங்களை ஏத்தி இறக்குற வேலை. காலையில வந்து, சாப்பிட்டுட்டு, ஹால்லதான் படுப்பாரு. அதே ஹால் மூலையிலதான் என் கம்ப்யூட்டர். நான் எடிட்டிங் பண்றதும் பகல்லதான்.

மதியம் வீடியோ ரெண்டர் போட்டா போதும், சிபியு ஃபேன் மிக்சி மாதிரி கத்தும். அவரு ஒண்ணும் திட்ட மாட்டாரு, புரண்டு படுப்பாரு. ஒருநாள் சாயங்காலம் கிளம்பும்போது, "ராத்திரி ஈசிஆர்ல ரெண்டு தடவை கண்ணு சொக்கிடுச்சுடா"ன்னு சாதாரணமா சொன்னாரு. எனக்கு வயிறு கலங்கிடுச்சு. பகல்ல தூங்காதவர் ராத்திரி ஸ்டியரிங் பிடிக்கிறாரு. அவர் வேன்ல பத்து பேர் உட்கார்ந்திருக்காங்க.

உடனே நான் பண்ணினது முட்டாள்தனம். கேபினெட்டைச் சுத்தி தெர்மாகோல் வச்சு, மேல ஒரு போர்வையைப் போட்டு மூடினேன். அஞ்சு நிமிஷம் நிம்மதியா இருந்துச்சு. அப்புறம் வெப்பம் 100 டிகிரியைத் தொட்டு, வேகம் குறைஞ்சு, கடைசியில மெஷினே ஆஃப் ஆயிடுச்சு. சேவ் பண்ணாத எடிட் போச்சு.

அங்கதான் ஒரு விஷயம் புரிஞ்சது. சத்தம் நோய் இல்ல, அறிகுறி. உள்ள வெப்பம் இருக்கு, அதை வெளியே தள்ள ஃபேன் ஓடுது, ஓடுறதால சத்தம். அதனால சத்தத்தை மூடக்கூடாது. வெப்பத்தைக் குறைக்கணும், இல்லன்னா சுலபமா வெளியே போக வழி விடணும்.

நமக்குப் பக்கத்துலயே இதுக்குப் பெரிய உதாரணம் இருக்கு. கல்பாக்கம் அணுமின் நிலையம். 1983-ல முதல் உலையும் 1985-ல ரெண்டாவது உலையும் இயங்கத் தொடங்கின. டர்பைனைச் சுத்திவிட்ட நீராவியைத் திரும்பத் தண்ணியாக்க கடல் தண்ணியைத்தான் எடுக்கிறாங்க. கடலுக்கு அடியில இருக்கிற சுரங்கம் வழியா அது உள்ள வருது. அந்தச் சுரங்கத்துல பச்சை மட்டிங்க ஒட்டி வளரும். அடைச்சா தண்ணி குறையும், குளிர்ச்சியும் குறையும். அதைத் தடுக்க குளோரின் கலக்குறாங்க, அதுக்கு ஆராய்ச்சியே நடக்குது. நம்ம கம்ப்யூட்டர்ல மட்டி வேலையைச் செய்றது தூசி.

அதனால முதல் வேலை சுத்தம். கடலோரத்துல தூசி வெறும் தூசியா இருக்காது. உப்பு கலந்தது. உப்பு ஈரத்தை இழுக்கும், அதனால ஹீட் சிங்க் இடுக்குல பிசுபிசுன்னு ஒட்டிக்கும். வெறும் காத்து ஊதினா போகாது. மின்சாரத்தைத் துண்டிச்சுட்டு, சின்ன பெயின்ட் பிரஷ்ஷால மெதுவா தள்ளுங்க. ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கோங்க, இஷ்டத்துக்குச் சுத்த விடாதீங்க. எங்க ஊர்ல மாசம் ஒரு தடவை இதைச் செய்யணும்.

ரெண்டாவது, வெப்பத்தையே குறைக்கிறது. பலரும் கவனிக்காத இடம் இதுதான். என்கிட்ட இருக்கிறது இன்டெல் ஐ5-12400. அதோட அடிப்படை மின்செலவு 65 வாட். ஆனா டர்போவுல 117 வாட் வரைக்கும் போகலாம்னு இன்டெலே சொல்லுது. பயாஸ்ல பவர் லிமிட்னு ஒரு இடம் இருக்கும். அதை 65-ல நிறுத்தினேன். 20 நிமிஷ ரெண்டர் 22 நிமிஷம் ஆச்சு. அவ்வளவுதான் நஷ்டம். சிப்போட கடைசி சொட்டு வேகத்துக்குத்தான் வோல்டேஜ் தாறுமாறா ஏறும். மின்செலவு வோல்டேஜோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். அந்தக் கடைசி சொட்டை விட்டுக்கொடுத்தா வெப்பம் நிறைய இறங்கும். ஏஎம்டி வச்சிருக்கிறவங்க ஈகோ மோட்னு தேடிப் பாருங்க, அதே வேலைதான்.

மூணாவது, பெரிய ஃபேன், மெதுவான சுத்து. இதுக்குப் பின்னால ஒரு கணக்கு இருக்கு. ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினா காத்து பாதியாத்தான் குறையும். ஆனா சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதி சத்தம் மாதிரி இருக்கும். அதாவது காத்து குறையுறதைவிட சத்தம் ரொம்ப வேகமா குறையுது. அதனால சின்ன ஃபேன் ஒண்ணு வெறிபிடிச்சு ஓடுறதைவிட, பெரிய ஃபேன் ஒண்ணு சோம்பலா ஓடுறது மேல். பெட்டியோட வந்த குட்டி கூலரைக் கழட்டிட்டு, 120 மில்லிமீட்டர் ஃபேன் இருக்கிற டவர் கூலர் ஒண்ணு போட்டேன். வாங்குறதுக்கு முன்னாடி கேபினெட்டுக்குள்ள அதோட உயரம் அடங்குமான்னு அளந்துக்கோங்க.

நாலாவது, ஃபேன் கர்வ். எத்தனை டிகிரிக்கு எவ்வளவு வேகம்னு பயாஸ்லயே வரையலாம். நான் 60 டிகிரி வரைக்கும் மெதுவா, 75-க்கு மேல கொஞ்சம், 85-க்கு மேல முழு வேகம்னு வச்சிருக்கேன். இதைவிட முக்கியம், வேகம் மாற சில நொடி தாமதம் கொடுக்கிறது. ஒரே சீரான சத்தத்துல தூங்கிடலாம். 'உய்ய்'னு திடீர்னு ஏறி இறங்குறதுதான் ஆளை எழுப்பும்.

இங்க ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டு வீடியோவுல ஒருத்தர், "என் சிபியு 62 டிகிரிதான்"னு பெருமையா சொல்லுவாரு. அவர் ரூம் 22 டிகிரி. அப்போ அவர் மெஷின் ரூமைவிட 40 டிகிரி கூடுதல். மே மாசம் நம்ம ஹால் 35 டிகிரி. அதே கூலர், அதே வேலை, நமக்கு 75 காட்டும். அது கோளாறு இல்ல. காத்தால குளிர வைக்கிற எதுவும் ரூம் வெப்பத்துக்குக் கீழ போகாது. அதனால மொத்த எண்ணைப் பார்த்து பயப்படாதீங்க, ரூமுக்கும் சிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்க. 75, 80-ல சிப்புக்கு ஒண்ணும் ஆகாது.

கடைசியா செலவே இல்லாத ஒண்ணு. மர மேஜை மேல கேபினெட் இருந்தா, ஹார்ட் டிஸ்க் அதிர்வு மேஜைக்கு இறங்கி, மேஜையே தபேலா மாதிரி ரீங்காரம் போடும். பழைய ஹவாய் செருப்பை நாலு துண்டா வெட்டி, கேபினெட் காலுக்கு அடியில வச்சேன். பாதி ரீங்காரம் காணோம். சுவரை ஒட்டி வைக்காம பின்பக்கம் ஒரு சாண் இடமும் விடுங்க, சூடான காத்து வெளியே போகணும்ல.

மொத்தமா எனக்கு ஆன செலவு அந்த டவர் கூலர் மட்டும்தான். மத்ததெல்லாம் ஒரு ஞாயித்துக்கிழமை வேலை.

அடுத்த வாரம் ஒரு மதியம் ரெண்டர் ஓடிக்கிட்டிருந்துச்சு. அப்பா அஞ்சு மணிக்குத்தான் எழுந்தாரு, யாரும் எழுப்பாம. கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு கேட்டாரு: "என்னடா, இன்னைக்கு சிஸ்டம் போடலையா?"

காலையில இருந்து ஓடுதுப்பான்னேன். கிட்ட வந்து, காதை வச்சுக் கேட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு.

உங்க வீட்டுலயும் பகல்ல தூங்குறவங்க இருந்தா, முதல்ல அந்தத் தூசியைத் தட்டிட்டு வந்து எப்படி இருக்குன்னு சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.