ஈப்போவிலிருந்து திருச்சி எத்தனை மணி நேரம்?

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)



கணக்குப் பாடத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். வாய்பாட்டை விட்டுவிட்டு, நம் குடும்பங்களுக்கு என்றைக்காவது தேவைப்படும் ஒரு கணக்கைச் சொல்கிறேன். திருச்சிப் பக்கம் சொந்த ஊரில் ஒரு சாவு. "எத்தனை மணிக்கு வந்து சேருவீங்க? எடுக்காம வெச்சிருக்கவா?" என்று போனில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

உலக உருண்டையில் ஈப்போவுக்கும் திருச்சிக்கும் ஒரு நூலைப் பிடியுங்கள். குறுக்களவு 30 சென்டிமீட்டர் உள்ள உருண்டையானால், நூல் 6 சென்டிமீட்டர்தான் வரும். நேர்வழியில் ஏறக்குறைய 2,560 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும் விமானத்துக்கு இது மூன்றேகால் மணிக்கும் குறைவு. ஏற, இறங்க அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள்.

ராஜுலா கப்பலில் வந்த நம் பாட்டன் பாட்டிகளுக்கு இதே கடல் ஒரு வாரம். 1926-இல் கட்டிய அந்தக் கப்பல் 1973 வரை ஓடியது. பிறகு வந்த சிதம்பரம் கப்பலும் 1985-இல் தீப்பிடித்ததோடு நின்றுபோனது. அந்தக் காலத்தில் தந்தி வந்தால் இங்கேயே தலைமுழுகிவிட்டு, மறுநாள் விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்றார்கள். கப்பல் கிடைத்து ஊர் போவதற்குள் கருமாதியே முடிந்துவிடும். அழுகையைக்கூட பால்மரத்தடியில்தான் வைத்துக்கொண்டார்கள்.

இன்று போகலாம். ஆனால் நூல் போகிற வழியில் விமானம் இல்லை. நாம் செப்பாங் போய்த்தான் ஏற வேண்டும். அங்கிருந்து திருச்சி சுமார் 2,700 கிலோமீட்டர், 4 மணி நேரம். எல்லாரும் போனில் இந்த நாலு மணியைத்தான் சொல்கிறார்கள். அங்கே ஊரே காத்துக்கிடக்கும். கடைசியில் முகம் பார்க்காமலே எடுத்துவிடுவார்கள்.

சரியாகக் கூட்டுவோம். தோட்டத்திலிருந்து ஈப்போ 1 மணி நேரம். ஈப்போவிலிருந்து செப்பாங் 250 கிலோமீட்டருக்கு மேல். வழியில் நின்று போனால் 4. விமான நிலையத்தில் 3 மணி நேரம் முன்பாக இருக்க வேண்டும். பறப்பது 4. இறங்கி, வரிசையில் நின்று, பெட்டி எடுக்க 1. கிராமத்துக்கு பஸ்ஸிலோ காரிலோ 2. ஆக 15. அதுவும் டிக்கெட் கிடைத்தால், விமானம் அந்த நேரத்துக்கு இருந்தால். பாஸ்போர்ட் காலாவதி ஆகியிருந்தால், விசா கையில் இல்லாவிட்டால், இந்தக் கணக்கை ஆரம்பிக்கவே முடியாது. பெற்றோர்களே, வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து தேதியைப் பாருங்கள்.

இன்னொரு சிக்கல் கடிகாரம். டிக்கெட்டில் புறப்பாடு 9.00, சேர்வது 10.30 என்றிருந்தால், ஒன்றரை மணிப் பயணம் என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டும் அந்தந்த ஊர் நேரம். நாம் இந்தியாவுக்கு இரண்டரை மணி முன்னால் இருக்கிறோம். 1981 முடியும்வரை இரண்டு மணிதான். 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. திரும்பும்போது அங்கே காலை 11.00-க்கு ஏறினால், இங்கே மாலை 5.30-க்கு இறங்குவோம். அதுவும் நாலே மணி நேரம்தான்!

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளே, இங்கே மாலை 6 மணிக்குச் செய்தி வருகிறது. 15 மணி நேரப் பயணம். ஊரில் எத்தனை மணிக்கு வருவதாகச் சொல்வீர்கள்? மறுநாள் காலை 9 என்பவருக்குப் பாதி மதிப்பெண். காத்திருப்பவர்கள் பார்ப்பது அவர்கள் வீட்டுக் கடிகாரத்தை. அதில் அப்போது காலை 6.30.