திடல் வெயிலும் உப்பளத்துப் பழக்கமும்

(மரக்காணம் உப்பளக் கரையோரக் கூட்டுறவு சங்க அங்கத்தினர்களுக்கான சொற்பொழிவு)



மரக்காணத்து உப்பளத் தொழிலாளிக்கு வெயிலைப் பற்றி ஒருவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கோழி கூவுமுன் பாத்திக்குச் செல்வதும், வெயில் ஏறுமுன் உப்பை வாரிக் கரையேற்றுவதும், உச்சிவேளைக்கு நிழலுக்குத் திரும்புவதும் இந்தக் கரையில் பழகிப்போன வழக்கம். தலையில் துண்டும் தூக்கில் கூழும் இல்லாமல் எவரும் அளத்தில் இறங்குவதில்லை. ஆயினும் அதே மனிதர் திருவிழா என்றும், மாநாடு என்றும், பந்தயம் என்றும் வெளியூர்த் திடலுக்குப் புறப்படும்பொழுது இந்தப் பழக்கம் முழுவதையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகிறார். விடியற்காலையில் வெறும் வயிற்றோடு வேனில் ஏறுகிறார். பத்து மணிக்கு இடம் பிடித்து அமர்கிறார். எழுந்தால் இடம் போய்விடுமே என்று தண்ணீருக்குக்கூட நகராமல் உச்சி வெயிலில் நாலைந்து மணி நேரம் இருந்துவிடுகிறார். அளத்தில் செய்யத் துணியாத காரியத்தைத் திடலில் செய்கிறார்.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. 2024-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 6-ஆம் தேதி சென்னை மெரீனாக் கடற்கரையில் இந்திய விமானப் படையின் சாகசக் காட்சி நடைபெற்றது. காட்சி பகல் 11 மணி முதல் 1 மணி வரையில்தான். ஜனங்களோ காலை முதலே மணலில் திரண்டு காத்திருந்தனர். பல லட்சம் பேர் கூடினர். ஐந்து பேர் உயிரிழந்தனர். இருநூறு பேருக்கு மேல் சிகிச்சைக்குக் கொண்டுபோகப்பட்டனர். ஆஸ்பத்திரிகளில் படுக்கைகள் ஆயத்தமாகவே வைக்கப்பட்டிருந்தன என்று சர்க்கார் தெரிவித்தது. இறந்த ஐவரும் ஆஸ்பத்திரிக்கு வந்து சேருமுன்னரே உயிர் பிரிந்தவர்கள் என்று சுகாதார அமைச்சர் சொன்னார். கூர்ந்து கவனிக்கவேண்டிய சொல் இது. ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை இருந்தாலும், உயிர் நிற்பதும் போவதும் மணலிலேயே, அருகில் நின்றவர்கள் கையிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

அதே மாதம் 27-ஆம் தேதி, இந்த விழுப்புரம் மாவட்டத்திலேயே விக்கிரவாண்டியை அடுத்த வி. சாலையில் ஓர் அரசியற் கட்சியின் முதல் மாநில மாநாடு கூடியபொழுதும், காலை முதல் வெயிலில் காத்திருந்த பலர் மயங்கி விழுந்தனர். 2023 ஏப்ரல் 16-ஆம் தேதி பம்பாய்க்கு அருகே கார்கரில், மகாராஷ்டிர சர்க்காரின் விருது வழங்கும் விழாவில் திறந்த மைதானத்தில் அமர்ந்திருந்தவர்களில் 14 பேர் வெப்பத்தால் மாண்டனர். ஒன்று கோடை, மற்றவை மழைக்காலத்தின் வாசல். ஆகவே கத்திரி வெயிலுக்கு மட்டும் அஞ்சினால் போதும் என்பது சரியன்று.

காரணத்தை உப்பளத்தாருக்கு விளக்குவது சுலபம். வானம் வெளுத்துக் காற்று வறண்டு வீசும் நாளில் பாத்தியில் நீர் விரைவாகச் சுண்டுகிறது, உப்பு விளைகிறது. புழுக்கமாய், காற்று அசையாமல், ஈரம் கனத்திருக்கும் நாளில் எவ்வளவு வெயில் அடித்தாலும் நீர் சுண்டுவதில்லை. மனித உடம்பும் அவ்வாறே. வியர்வை வெளிவருவதனால் உடம்பு குளிர்வதில்லை. அது ஆவியாகும்பொழுதுதான் சூட்டைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. கடற்கரைப் புழுக்கத்தில், அதிலும் நெருக்கமான ஜனத்திரளின் நடுவே, வியர்வை சொட்டுகிறதேயன்றி உலர்வதில்லை. நீரும் உப்பும் வீணாகின்றன. சூடோ உள்ளேயே தங்கிவிடுகிறது. பாத்தி சுண்டாத நாளில் உடம்பும் ஆறாது என்று வைத்துக்கொண்டால், எந்த நாளில் அதிக எச்சரிக்கை வேண்டும் என்பது எளிதில் விளங்கும்.

வெப்பத்தினால் வரும் துன்பம் இரண்டு படியாக வருகிறது. முதற்படியில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கெண்டைச் சதை பிடித்திழுத்தல், மிகுந்த வியர்வை, சோர்வு ஆகியவை காணும். வைத்தியர்கள் இதை வெப்ப அயர்ச்சி என்கிறார்கள். இந்நிலையில் ஆளை நிழலுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, இறுக்கமான உடைகளைத் தளர்த்தி, உடம்பை நனைத்து விசிறி, தண்ணீரோ உப்புச் சர்க்கரைக் கரைசலோ மிடறு மிடறாகக் கொடுத்தால் பெரும்பாலும் அரைமணி நேரத்தில் தெளிந்துவிடுவார். தெளிந்த பிறகு மறுபடியும் வெயிலில் உட்கார அனுமதிக்கலாகாது. அன்றைய காட்சி அவருக்கு அத்துடன் முடிந்தது. தெளியாமல் வாந்தி தொடர்ந்தால் வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

இரண்டாம் படி கொடியது. உடம்பின் சூடு 40 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் ஏறி மூளை கலங்கத் தொடங்குகிறது. ஹீட் ஸ்ட்ரோக் என்று ஆஸ்பத்திரியில் சொல்லப்படும் வெப்பத் தாக்கு இதுவே. இதைக் கண்டுகொள்ள உஷ்ணமானி தேடி ஓட வேண்டாம். பெயர் என்ன, ஊர் எது, யாரோடு வந்தீர் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஒழுங்காக மறுமொழி வந்தால் முதற்படி. பேச்சுக் குழறினாலும், சம்பந்தமில்லாமல் பிதற்றினாலும், சண்டைக்கு வந்தாலும், தள்ளாடினாலும், வலிப்புக் கண்டாலும், நினைவு தப்பினாலும் இரண்டாம் படி என்றே கொள்ள வேண்டும். குடித்திருக்கிறான் என்று ஒதுக்கித் தள்ளப்பட்டவர்களில் இவ்வாறு தவித்தவர்களும் இருக்கக்கூடும். வெப்பத் தாக்கில் தோல் காய்ந்துபோகும் என்று பழைய புத்தகங்களில் காணப்படுகிறது. வெயிலில் உழைத்தோ நடந்தோ விழுந்தவருக்கு வியர்வை நிற்காமலே இருக்கலாம். ஆகையால் தோலைப் பார்த்து ஏமாறலாகாது.

இப்போது செய்யவேண்டியது ஒன்றே: குளிரவைத்தல். ஒருவர் 108-க்குச் சொல்லட்டும். மற்றவர்கள் அக்கணமே நீர் ஊற்றத் தொடங்க வேண்டும். வண்டி வரட்டும் என்று கைகட்டி நிற்பதிலும், குளிர வைக்காமல் ஆட்டோவில் திணித்து நெரிசலில் அரைமணி நேரம் ஊர்வதிலும் ஆள் இறந்துபோவார். மேலுடையைக் களைந்து, தலை முதல் கால் வரை நீரைத் தொடர்ந்து ஊற்றி, கிடைத்ததைக் கொண்டு பலர் விசிற வேண்டும். உப்புக் குவியலை மூடும் தார்ப்பாய் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. அதில் அவரைக் கிடத்தி, நால்வர் விளிம்புகளைத் தூக்கிப் பிடிக்க, நீரை நிரப்பி அலசிக்கொண்டே இருக்கலாம். முகம் மட்டும் நீருக்கு மேலே இருக்க வேண்டும். மீனவர் பெட்டியிலுள்ள ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் வைக்கலாம். உடம்பின்மேல் ஊற்றக் குடிநீர்தான் வேண்டுமென்பதில்லை. ஏரி நீரும் ஆகும். வாளியில் மொண்ட கடல் நீரும் ஆகும். அளத்துப் பாத்தி நீர் மட்டும் ஆகாது. அது தானே சூடேறிக் கிடக்கும்.

நினைவில்லாதவரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். அவர் வாயில் ஒரு சொட்டும் ஊற்றலாகாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். இந்த நாட்டில் யார் மயங்கி விழுந்தாலும் முகத்தில் நாலு துளி தெளித்து ஒரு சோடாவை உடைத்துக் கொடுப்பது நெடுநாளைய உபசாரம். நல்லெண்ணம்தான், ஆனால் முகத்தில் தெளித்த நாலு துளி உடம்பின் சூட்டை இறக்காது, நினைவற்றவருக்குச் சோடா எமனாகலாம். வலிப்புக் கண்டவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதனால் ஒரு பயனும் இல்லை. காய்ச்சல் மாத்திரையும் வேண்டாம். வெப்பத் தாக்கின் சூடு நோய்க் காய்ச்சல் அன்று. அந்த மாத்திரைக்கு அது இறங்காது, ஈரலுக்குக் கேடும் விளையலாம்.

மூச்சே இல்லாமலும் கூப்பிட்டால் அசைவில்லாமலும் கிடந்தால் மார்பு நடுவில் இரு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் அமிழும்படி நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. செய்து பழக வேண்டும்.

குடிநீரைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்வது அவசியம். தாகம் எடுத்தபின் குடிக்கலாம் என்று இருப்பது பிசகு. வெயிலில் இருக்கும்போது கால்மணிக்கோ இருபது நிமிஷத்துக்கோ ஒரு தம்ளர் வீதம் குடிப்பது நல்லது; ஆனால் ஒரே மணியில் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிப்பதும் தீங்கு, ரத்தத்திலுள்ள உப்பு நீர்த்துப்போகும். நீர்மோர், இளநீர், நீராகாரம், நுங்கு எல்லாம் உகந்தவை. உப்பு விளைவிப்பவர்கள் இழந்த உப்பை ஈடுசெய்ய உப்பையே அள்ளி வாயில் போட்டுக்கொள்வதுண்டு, அது கூடாது. அளவுதான் மருந்து. அளத்தில் நீர் 25 பாமே டிகிரிக்கு முதிர்ந்தால்தான் உப்புக் கட்டும் என்பதை அறிந்தவர்களுக்கு அளவின் அருமை தெரியாததன்று. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்திலோ ஒரு லிட்டருக்குச் சாதாரண உப்பு 2.6 கிராம் மட்டுமே. பொட்டலத்தை ஒரு தம்ளரில் கொட்டிக் குடிப்பவர் மருந்தை உப்பு நீராக்கிக் குடிக்கிறார். அது தாகத்தைப் பெருக்கும். லிட்டர் பொட்டலமானால் முழு லிட்டர் நீரில் கரைத்து, ஒரு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். பொட்டலம் இல்லையேல், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு சமனான தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி தூளுப்பும் போதும். கல்லுப்பானால் பொடித்தே அளக்க வேண்டும். இந்த எளிய கரைசலின் வல்லமையை உலகம் கண்டது 1971-இல். வங்காள அகதிகள் தங்கியிருந்த பங்காவ் முகாமில் காலரா பரவியபொழுது, டாக்டர் திலீப் மஹலாநபிஸ் இதை அண்டா அண்டாவாகக் கரைத்து வைத்து, நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவை நாலுக்கும் கீழே இறக்கினார்.

இத்தனையும் சொல்லிவிட்டுக் கக்கூஸைப் பற்றிப் பேசாமல் விட்டால் பேச்சுப் பாதிதான். உப்பளத்திலும் சரி, திடலிலும் சரி, பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வது தாகம் இல்லாததனால் அன்று. ஒதுங்க இடம் இல்லாததனால். வீட்டிலிருந்து புறப்படும் முன்பே அவர்கள் தங்களை வறள வைத்துக்கொள்கிறார்கள். அவர்களிடம் தண்ணீர் குடியுங்கள் என்று உபதேசம் செய்வது வீண். விழாவோ மாநாடோ, பெண்களுக்கு மறைவான, நீர் வசதியுள்ள கழிப்பிடம் எத்தனை, எங்கே என்று நடத்துபவர்களைச் சங்கம் எழுத்து மூலம் முன்கூட்டியே கேட்பது நன்று. திருப்தியான பதில் வராத இடத்துக்குச் சங்கத்தின் பேரால் வண்டி ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை. கடுமையான யோசனைதான், ஆனால் ஐம்பது பேர் வரமாட்டார்கள் என்பதைவிடக் கூட்டம் சேர்ப்பவர்களுக்கு உறைக்கக்கூடிய வாதம் வேறு இல்லை.

பகல் நேரத் திடலுக்கு வராமலே இருக்கத்தக்கவர்களும் உண்டு. வயோதிகர், கைக்குழந்தை, கர்ப்பிணி, இருதய நோயாளி, நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர், காய்ச்சல் விட்டு எழுந்தவர், முந்தின இரவு மது அருந்தியவர் ஆகியோரே இவர்கள். மேல்மலையனூர் அமாவாசை ஊஞ்சல் போல இரவில் நடக்கும் விழாக்களில் வெயில் அபாயம் இல்லை. நெருக்கடி அபாயம் உண்டு. 2025 செப்டம்பர் 27-ஆம் தேதி கரூர் வேலுச்சாமிபுரத்தில் ஓர் அரசியற் கூட்டத்தில் நேர்ந்த நெரிசலில் 41 பேர் இறந்தனர். இருட்டிய பிறகு நடந்தது அது. தன் கையைத் தானே உயர்த்த இடமில்லாதபடி கூட்டம் இறுகினால் முகப்பைப் பார்க்கும் ஆசையை விட்டு அப்போதே விலக வேண்டும். இரு கைகளையும் மார்பின் குறுக்கே வைத்து மூச்சுக்கு இடம் செய்துகொண்டு, அலையை எதிர்க்காமல், அது தளரும் தோறும் பக்கவாட்டில் சாய்ந்து ஓரத்துக்கு நகர வேண்டும். விழுந்துவிட்டால் ஒருக்களித்து முடங்கித் தலையைக் கையால் காத்துக்கொள்ள வேண்டும். குழந்தையை அங்கே அழைத்துச் செல்லாதிருப்பதே நலம்.

சங்கத்தின் பேரால் செல்பவர்கள் பத்துப் பேருக்கு ஒருவர் பொறுப்பாளி என்று வகுத்துக்கொள்ளலாம். அவரிடம் பெயர்ப் பட்டியல், ஒவ்வொருவர் நோயும் மாத்திரையும் எழுதிய துண்டுக் காகிதம், பத்து ஓ.ஆர்.எஸ். பொட்டலம், ஒரு வாளி, ஒரு தார்ப்பாய் இருந்தால் போதும். 108-க்குப் பேசும்போது திடலின் பெயரை மட்டும் சொன்னால் வண்டி தேடி அலையும். எந்த வாசல், எந்தக் கம்பம் என்று சொல்லி, ஓர் ஆளை அந்த வாசலில் நிறுத்த வேண்டும். தமிழ்நாட்டு சர்க்கார் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்போர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணத்துக்கு வழி செய்துள்ளது. மரணத்தின் காரணம் வைத்தியர் சான்றில் பதிவாக வேண்டும் என்பதைக் குடும்பத்தாருக்குச் சொல்லிக்கொடுப்பதும் பொறுப்பாளியின் வேலையே.

வடகிழக்குப் பருவமழையில் பாத்திகள் மூழ்கி, அளத்தில் வேலை ஓய்ந்திருக்கும் மாதங்கள் இந்தப் பயிற்சிக்கு ஏற்றவை. ஒரு சாயங்காலம் சங்கக் கட்டிடத்தின் முன் தார்ப்பாயை விரித்து, இளைஞர் ஒருவரை அதில் கிடத்தி, நால்வர் விளிம்பைத் தூக்க, இருவர் நீர் ஊற்ற, இருவர் விசிற, ஒருவர் கடிகாரம் பார்க்கட்டும். மார்பை அழுத்தும் முறையைச் சொல்லிக்கொடுக்க ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸை அன்றைக்கே அழைத்துக்கொள்ளலாம்.