தொங்கு சாரமும் உயிர்க்கயிறும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



மேல்நிலைக் குடிநீர்த் தொட்டி இன்று நம் நாட்டில் பல ஊர்களில் உண்டு. அதற்கு வர்ணம் பூசவும் வெடிப்பு அடைக்கவும் வருவோர், உச்சியிலிருந்து தொங்கவிட்ட பலகையின்மீது நின்று வேலை செய்கின்றனர். இதுவே தொங்கு சாரம். தரையில் ஊன்றிய மூங்கில் சாரத்துக்குக் கால்கள் பல. ஒன்று நழுவினாலும் மற்றவை தாங்கக்கூடும். இதற்கோ இருப்பவை இரண்டே கயிறுகள். ஒன்று அறுந்தால் பலகை செங்குத்தாகச் சாய்ந்துவிடும்.

ஆதலின் ஏறும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி உயிர்க்கயிறு வேண்டும். நாம் பல இடங்களில் காண்பது யாது? இடுப்பில் ஒரு பட்டை. அதன் கொக்கி சாரத்தின் கம்பியிலேயே மாட்டியிருக்கும். சாரம் விழுந்தால் ஆளையும் உடன் இழுத்துச் செல்லும் ஏற்பாடு இது! சாரக் கயிறு கட்டிய இடத்தில் உயிர்க்கயிற்றைக் கட்டலாகாது. துருவேறிய ஏணியும் கைப்பிடிக் குழாயும் உதவா. தொட்டியைத் தாங்கும் கான்கிரீட் தூணில் கட்டுவதே நலம். கயிறு விளிம்பில் உராயும் இடத்தில் தடித்த சாக்கை மடித்து வைக்க வேண்டும்.

இடுப்புப் பட்டை மட்டும் போதாது. விழும் வேகம் முழுவதும் வயிற்றில் தாக்கும். தோளையும் தொடையையும் சேர்த்துப் பிணிக்கும் முழு உடற்பட்டையே வேண்டும். அதில் அசையாமல் தொங்குபவருக்குக் கால்களில் குருதி தேங்கும். சில நிமிடங்களில் இறக்காவிடில் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஏணியும் ஆட்களும் கீழே ஆயத்தமாக இருத்தல் அவசியம்.

மாடிக் கட்டடங்களில் கூரைமேல் உத்தரத்தை வெளியே நீட்டிச் சாரத்தைத் தொங்கவிடுவர். ஏற்றம் இறைத்த பெரியவர்களுக்கு இக்கணக்கு எளிது. வெளியே 2 அடியில் 200 கிலோ தொங்கினால், உள்ளே 8 அடியில் 50 கிலோ அதற்குச் சமனாகும். ஆனால் சமன் போதாது. நான்கு மடங்காக 200 கிலோ வைக்க வேண்டும். மணல் மூட்டை வேண்டவே வேண்டாம். சாக்குக் கிழிந்தால் மணல் ஒழுகும். கலவைக்கு மணல் போதாதபோது அம்மூட்டையையே அவிழ்ப்பவரும் உண்டு! இரும்பு அல்லது கான்கிரீட் பாரத்தை உத்தரத்தோடு பிணைத்து, உத்தரத்தையும் உறுதியான இடத்தில் பின்கட்டுக் கட்ட வேண்டும்.

தொங்கவிடும் கயிறு, ஏற்றும் பாரத்தைப்போல் ஆறு மடங்கு தாங்கவேண்டும். கவலை ஓட்டிய உழவர் வடத்தைத் தடவிப் பார்த்த பின்னரே மாடு பூட்டினர். அவ்வாறே நாள்தோறும் காலையில் கயிற்றை முழுவதும் பார்த்தல் வேண்டும். பிளாஸ்டிக் கயிறு வெயிலில் கிடந்து நலிந்திருப்பது கண்ணுக்கு எளிதில் புலப்படாது, பழையதை நம்பாதீர்கள்.

குறைந்த தொகை கேட்பவருக்கே வேலையை அளிக்கிறோம். உயிர்க்கயிறும் உடற்பட்டையும் மதிப்பீட்டில் தனி இனமாக இல்லையெனில், தொகையைக் குறைக்க விரும்புவோர் முதலில் விடுவது அவற்றையே. ஆகவே மதிப்பீட்டிலும் வேலை உத்தரவிலும் அவற்றை எழுதச் செய்யுங்கள். வேலை தொடங்கும் காலையில் உறுப்பினர் ஒருவர் நேரில் செல்லட்டும். உயிர்க்கயிறு இல்லையெனில் ஏறுவதை நிறுத்துங்கள். தொழிலாளி அன்றைய கூலியை இழக்காதவாறு தரையில் வேறு வேலை தரும்படி ஒப்பந்தக்காரரிடம் அப்போதே பேசி முடியுங்கள்.